நீ சாப்பிட்டதை எழுது

அயனம்பாக்கம்
6 ஜூலை 2025

அன்புத் தங்கை மெஹக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழு நலம் இல்லை, அதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அரபிக் கல்லூரி விடுதியில் போன் கூடாது என்று உன்னைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வார்டன் போனில் நீ அம்மாவுக்கு ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெண் கையை நீட்டிவிடுகிறாளாம். எனக்கு எங்கே மிச்சம் வரும்? பி.காம். முடித்த பிறகு நான் கையால் எழுதுவது மளிகைச் சீட்டு ஒன்றுதான். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

முதஸ்ஸிர் சாப்பிட மாட்டேன் என்கிறான். பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. ராகிக் கஞ்சி, மசித்த பருப்பு, வாழைப்பழம், எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கிக்கொள்கிறான். கரண்டியைப் பார்த்தாலே அழுகை. அங்கன்வாடியில் எடை பார்த்த கன்னியம்மா அக்கா, "இன்னா பாப்பா, அப்டியே கீறானே" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மாமி சும்மா இருப்பார்களா? "புள்ள இளைக்கிறான், தாய்தான் ஊதிகினே போறா" என்று வந்தவர்கள் முன்னால் சொன்னார்கள். உன் மச்சான் சிரித்தார். அதை விடு.

நேற்றும் இன்றும் நீ ஆஷூரா நோன்பு வைத்திருப்பாய். ஏழு வயதில் முப்பது நோன்பையும் முழுதாகப் பிடித்தவள் நீ. அத்தா பூந்தமல்லிப் பள்ளிவாசலில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாரே. நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கிற துஆ வீண் போகாது என்று கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். எனக்காக ஒன்று செய்வாயா? இவன் வாய் திறந்து சாப்பிடும்வரை திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறேன் என்று நேர்ந்துகொள். நான் பால் கொடுக்கிறேன், என்னால் முடியாது. உன்னால் முடியும்.

துஆவில் மறக்காதே.
உன் அக்கா,
மஹ்ஜபீன்


விடுதி
17 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். மச்சான், மாமி, என் ராஜா முதஸ்ஸிர் எல்லோருக்கும் ஸலாம்.

நேர்ந்துவிட்டேன் அக்கா. இன்று வியாழன், நோன்போடுதான் எழுதுகிறேன். "ரமலானும் இல்லாம எதுக்குடி சும்மா சும்மா நோன்பு?" என்று அறையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா மகனுக்காக என்று சொன்னேன். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படுகிறாளாம், சொல்லிவிடு. விடியுமுன் ஸஹருக்குச் சோறும் தயிரும் முட்டையும். நோன்பு திறக்கப் பேரீச்சை, சூடாகக் கஞ்சி, மேலே வறுத்த வெங்காயம், தொட்டுக்கொள்ள புதினாத் துவையல், மொறுமொறுவென்று பருப்பு வடை. இரவில் பரோட்டா, அடுக்கடுக்காகப் பிரியும், அதன்மேல் சால்னா. போன வெள்ளிக்கிழமை பிரியாணி. அரிசி ஒரு கொதி கூடிவிட்டது, கறி மட்டும் வெண்ணெய். கல்யாண வீடுகளில் அத்தா தேக்சா அண்டாவின் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே ஓர் ஆவி, அது இங்கே இல்லை. பரிமாறுவது நான்தான். எல்லோர் தட்டும் நிறைந்த பிறகுதான் உட்காருவேன்.

நீ நினைப்பதைவிட நான் பலசாலி அக்கா.

பிரியமுள்ள,
மெஹக்


அயனம்பாக்கம்
24 ஆகஸ்ட் 2025

என் கண்ணான மெஹக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இவன் தூங்கினால் வீடு துடைக்க வேண்டும், துடைத்து முடித்தால் விழித்துக்கொள்கிறான்.

உன் துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான். முதஸ்ஸிர் சாப்பிடுகிறான். ஒரு காலையில் மாமி தட்டிலிருந்து இட்லியைத் தானாகவே பிடுங்கி வாயில் வைத்தான். இப்போது கிண்ணம் காலியாகும்வரை கரண்டியை விடுவதில்லை. கன்னியம்மா அக்கா அவனைத் தராசில் வைத்துவிட்டு என் முதுகில் தட்டினாள். அத்தாவிடம் சொன்னேன். நசரத்பேட்டையில் ஒரு கல்யாண வேலைக்குக் கறி வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டு, "எம்மா, எம் பொண்ணு நோன்புக்கு எவ்ளோ பவர் பாத்தியா" என்று சமையல் ஆட்களிடம் திரும்பிச் சொன்னாராம்.

நேர்ச்சை நிறைவேறிவிட்டதால் நீ நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எழுத வந்தேன். எழுதக் கை வரவில்லை. நீ நிறுத்தியதும் இவன் பழையபடி வாயை மூடிக்கொண்டால்? பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும், முடிந்தால் நிறுத்தாதே. இன்னும் கொஞ்ச நாள்.

உனக்குப் பச்சையில் ஒரு சல்வார் தைத்து அனுப்பியிருக்கிறேன், பழைய அளவுதான். எனக்கும் துணிகள் லூசாகிவிட்டன. "இப்பத்தான் கல்யாணமாயி வந்தப்ப இருந்த மாதிரி ஆயிருக்கே" என்று மாமியே சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்.

உன் நோன்பைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும்,
அக்கா


விடுதி
9 செப்டம்பர் 2025

அக்காவுக்கு ஸலாம்.

அனைவர் நலமும் அறிய ஆவல். முதஸ்ஸிர் கிண்ணத்தைக் காலி செய்வதைக் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அதுவே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி.

நீ சொல்லாவிட்டாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். திங்கள் வியாழன் போதவில்லை. தாவூத் நபி வைத்ததுபோல் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கிறேன். இங்கே என்னைப் பார்த்து இன்னும் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். உஸ்தாதா வகுப்பில் என் பெயரைச் சொன்னார்கள்.

சல்வார் அழகு. பக்கத்தில் கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொண்டேன். இங்கே எனக்கு மட்டும் குளிர்கிறது, பகலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், எல்லோரும் கேலி செய்கிறார்கள். அத்தாவிடம் கேட்டு எனக்குத் தம் போடும் பக்குவத்தை முழுசாக எழுதி அனுப்பு. எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு கறி, தயிர் எப்போது, தீயை எப்போது குறைப்பது, எல்லாம். சமைக்க இல்லை, படிக்கத்தான். தால்ச்சாவும் எழுது. பிரெட் அல்வாவும்.

காலாண்டு விடுமுறைக்கு வரவில்லை. பாடம் நிறைய. அம்மா இங்கே வர வேண்டாம் என்று சொல். பஸ்ஸில் முட்டி வலிக்கும்.

மெஹக்


பெண்கள் அரபிக் கல்லூரி விடுதி
2 நவம்பர் 2025

சகோதரி மஹ்ஜபீன் அவர்களுக்கு விடுதிப் பொறுப்பாளர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் அருள் செய்வானாக.

தங்கள் தங்கையைப் போன வியாழனன்று தந்தையார் வந்து அழைத்துப்போனதை அறிவீர்கள். அதிகாலையில் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளூச் செய்யும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். மகளைத் தோளில் தாங்கியபடி, "எவ்ளோ லேசா கீறா, பூ மாதிரி" என்று அவர் திகைத்து நின்றார். மீதியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தாங்கள் படித்தவர் என்று மெஹக் சொல்லியிருக்கிறாள். அதனால் அவளுடைய பெட்டியோடு இதை அனுப்புகிறேன்.

நோன்பு இல்லாத நாட்களிலும் அவள் சாப்பிட்டதில்லை. நோன்பு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். நோன்பு நாளில் திறந்த பிறகும் தண்ணீரும் பேரீச்சையும்தான், அதுவும் எங்கள் கண் முன்னால் மட்டும். நூறு பேருக்குப் பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. நாங்கள் அவளை மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று காட்டினோம். இதை மறைத்து எழுதினால் அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் தாங்கள் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் அவள் பாயடியில் இருந்தது. அப்படியே வைத்திருக்கிறேன். நல்ல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

துஆவுடன்,
விடுதிப் பொறுப்பாளர்


அயனம்பாக்கம்
16 நவம்பர் 2025

மெஹக்,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய். அதனால் கேட்கவில்லை.

அம்மா வீடு பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தூரம்தான். இரண்டு தடவை வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. போனை எடுப்பதில்லை. அதனால் பழைய வழியிலேயே எழுதுகிறேன். உன் மச்சான் வேலைக்குப் போகும் வழியில் கொடுப்பார்.

உன்னை அம்பத்தூரில் அந்த டாக்டரிடம் அழைத்துப்போன அன்று நான் வெளியே நின்றிருந்தேன். டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு, "வயசுப் பொண்ணு, டயட்டுன்னு ஆரம்பிச்சிருக்கும். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, தானா சாப்பிடும்" என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா வீட்டுக்கு வந்து, "ஏன்டி லத்தீஃபா அழுவுறே, பொண்ணு நல்லா சிலிம்மாத்தானே கீது, இப்ப வரன் கியூவுல நிக்கும்" என்றபோது நீ தலை குனிந்து லேசாகச் சிரித்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அம்மா தட்டில் மலைபோல் குவித்து வைத்துவிட்டு அழுகிறாள். நீ எழுந்து போகிறாய். அத்தா இரண்டு கல்யாண வேலைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேக்சாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நீயும் ஏம்மா ஈர்க்குச்சியா கீறே?" என்றார். குழந்தை பின்னால் ஓடுகிற ஓட்டம்தான் அத்தா என்றேன்.

போனில் தேடினேன். எல்லாம் இங்கிலீஷில், எங்கோ வெளிநாட்டுப் பெண்களைப் பற்றி. ரொட்டியும் சீஸும் சாப்பிட வைப்பது எப்படி என்று இருக்கிறது. நோன்பு வைக்கிற பெண்ணை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை. இன்னும் தேடுவேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். நேர்ச்சை முடிந்தது. முதஸ்ஸிர் நடக்கிறான், எல்லாம் சாப்பிடுகிறான். நோன்பை விட்டுவிடு.

அக்கா


நசரத்பேட்டை
20 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன்.

வைக்கச் சொன்னது நீ. நிறுத்தாதே என்று எழுதியதும் நீ. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. இப்போது எல்லோரும் சேர்ந்துகொண்டு எனக்கு நோய் என்கிறீர்கள். நான் நோன்பு வைத்தபோது அவன் சாப்பிட்டான். நான் சாப்பிட்டால் அவன் என்ன ஆவான்? நீயே பயந்தாய். பயந்ததால்தான் எழுதினாய்.

என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் பிடுங்காதே.

மெஹக்


அயனம்பாக்கம்
14 டிசம்பர் 2025

என் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது. நீ எழுதியது எல்லாம் உண்மை. என்னிடம் மறுப்பு இல்லை.

அதனால் பதிலுக்குப் பதிலாக, நான் போன இடங்களைச் சொல்கிறேன்.

14416 என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது. காசில்லை, தமிழிலேயே பேசுகிறார்கள். மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் போய்ப் பேசினேன். பாதி நேரம் அழுதேன். எதிர்ப்பக்கம் இருந்த பெண் அவசரப்படுத்தவில்லை. உனக்கு வந்திருப்பது பிடிவாதம் இல்லை, பெயருள்ள ஒரு நோய், குணமாகிறவர்கள் நிறைய, ஆனால் முதலில் ரத்தமும் இதயத்துடிப்பும் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னாள். போய் வரிசையில் நின்றேன். நின்ற இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, வெயில்தான். அங்கே மைதிலி என்று ஓர் ஆலோசகர். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "வீட்ல யார் யார் எப்ப சேர்ந்து சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் யாரும் சேர்ந்து சாப்பிடுவதே இல்லை மெஹக். அத்தா ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு நின்றபடி இரண்டு வாய், அம்மா எல்லோரும் முடித்த பிறகு. நான், விடு.

பிறகு அத்தாவை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். நேர்ச்சையை எப்படி விடுவது என்று கேட்கத்தான் போனோம். அவர் எல்லாம் கேட்டுவிட்டு அத்தாவைப் பார்த்து, "ஹாஜா பாய், நோயாளிக்கு நோன்பு இல்லைன்னு குர்ஆன்லயே இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னா வைக்கிறதே கூடாது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். நேர்ச்சைக்குப் பரிகாரம், பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு. அத்தா அன்றே தேக்சாவை நிமிர்த்தினார். ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கிடக்கிற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினார். யாருடைய நேர்ச்சை என்று ஒருவர் கேட்டார். "எம் பொண்ணு சாப்பிடணும்னு" என்றார் அத்தா. அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் நேர்ச்சை அல்லாஹ்விடம் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வா. என்மேல் உள்ள கோபத்தோடேயே வா.

கதவுக்கு வெளியே நிற்கும்,
அக்கா


அயனம்பாக்கம்
18 ஜனவரி 2026

மெஹக்குக்கு அக்காவின் ஸலாம்.

உன்னைச் சேர்த்திருக்கிற வார்டில் போன் வேண்டாம் என்று அவர்களே வாங்கி வைத்துக்கொண்டது நல்லதுதான், அதில் நீ இளைப்பதற்கு என்னென்ன தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் தெரிந்தது. கடிதம் கொடுக்கலாமாம். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

உன் இதயம் இரவில் எவ்வளவு மெதுவாகத் துடித்தது என்று டாக்டர் சொன்னபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அடுத்த நாளே அம்மா என்ன செய்தாள் தெரியுமா, பிரியாணியை டிபன் கேரியரில் கொண்டுவந்து உனக்கு ஊட்டப் போனாள். நர்ஸ் ஓடிவந்து பிடுங்கினார். "வெறும் வயித்துல இவ்ளோ போனா ஒடம்பு தாங்காதும்மா, உயிருக்கே ஆபத்து. நாங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்." அம்மா கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சோறு கூடவா கொல்லும்?" என்று கேட்டாள்.

மைதிலி மேடம் எங்களுக்கும் பாடம் நடத்துகிறார். ஒல்லி, குண்டு என்ற பேச்சே வீட்டில் வரக் கூடாது. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நாமும் சாப்பிட வேண்டும். அவர் சொன்னதைத் தமிழில் எழுதி அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பெரியம்மா வந்தால் அத்தா முதலில் அந்தத் தாளைத்தான் காட்டுகிறார்.

ஒன்றை உன்னிடம் மறைக்கலாம் என்று இருந்தேன். மேடம்தான் சொல்லிவிடச் சொன்னார். போன வாரம் முதஸ்ஸிருக்குக் காய்ச்சல். வாயை மூடிக்கொண்டான், தண்ணீர்கூட இறங்கவில்லை. நேர்ச்சையை விட்டதால்தான் என்று எனக்குள் ஒரு குரல். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்தக் குரல் கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரஸ்க்கைப் பிடுங்கித் தின்றான். நீ நோன்பு வைக்கவில்லை. நீ ஊசியோடு படுத்திருந்தாய். அவன் சாப்பிட்டான்.

உன்னால் இல்லை, மெஹக். அப்போதும் உன்னால் இல்லை.

அக்கா


அயனம்பாக்கம்
20 பிப்ரவரி 2026

அன்பு மெஹக்,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் முபாரக் என்று எழுதிவிட்டு, உனக்கு எழுதலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று முதல் நோன்பு. நீ டாக்டரிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கேட்டாயாம். முடியாது என்றதும் முகத்தைப் போர்த்திக்கொண்டு மாலைவரை திறக்கவில்லை என்று அம்மா சொன்னாள். ஊரே நோன்பாக இருக்கும்போது பட்டப்பகலில் ஒரு தட்டின் முன்னால் உட்காருவது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதான் இந்த வருஷம் உன்னிடம் கேட்கப்படுவது என்று ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு என்று அத்தா தினமும் ஒரு சாப்பாடு கட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கிறார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். ஸஹருக்கு எழுந்து மாமிக்கும் உன் மச்சானுக்கும் சப்பாத்தி, குருமா. மாலையில் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடுகிறேன். முதஸ்ஸிர் கஞ்சிக்கு நான்கு முறை கிண்ணத்தை நீட்டுகிறான். நானும் நோன்பு. "பால் குடுத்துகினே ஒண்ணு விடாம புடிக்கப்போறாளாம், எம் மருமவ" என்று மாமி தெருவெல்லாம் சொல்கிறார்கள். பால் குறைந்துவிட்டது, அவன்தான் எல்லாம் சாப்பிடுகிறானே, பரவாயில்லை.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
மஹ்ஜபீன்


மருத்துவமனை, பெண்கள் வார்டு
3 மார்ச் 2026

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேனா பிடித்தால் கை வலிக்கிறது. அதனால் கொஞ்சம்தான்.

பக்கத்துக் கட்டிலில் எழில் என்று ஒரு பெண் இருந்தாள். ஆவடிக்காரி. என் நோய்தான், என்னைவிடப் பழையது. "என்னா பாய் ஊட்டுப் பொண்ணு, பிரியாணியப் பாத்து பயப்படுறே, நான் பழைய சோத்தப் பாத்தே பயப்படுறவ" என்று சிரிக்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறோம் என்றார் நர்ஸ். நேற்று அவள் அம்மா வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த செருப்பை மட்டும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் தட்டு வந்தது. நான் சாப்பிட்டது ஒரு இட்லியில் பாதி. அரை டம்ளர் பால். அவ்வளவுதான். சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முடித்த பிறகு அழுதேன். இன்று ஒரு இட்லி. சட்னி இல்லை. இது பொய் இல்லை. விடுதியிலிருந்து எழுதிய வடையும் பரோட்டாவும்தான் பொய்.

உன் கடிதங்கள் எல்லாம் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. அக்டோபரில் எழுதியதையும் பிரித்தேன். வரிசையாக வைத்துப் படித்தேன். முதஸ்ஸிர் சாப்பிட்டது இருக்கிறது, மாமிக்கும் மச்சானுக்கும் போட்டது இருக்கிறது, அத்தா பத்துப் பேருக்குப் பரிமாறியது இருக்கிறது. வரிசையில் கண் இருட்டியது இருக்கிறது. துணி லூசானது இருக்கிறது. நீ சாப்பிட்டது ஒரு கடிதத்தில்கூட இல்லை அக்கா. டீகூட இல்லை.

நான் யாரிடம் வேண்டுமானாலும் ஏமாறுவேன். இதில் ஏமாற மாட்டேன்.

அடுத்த கடிதத்தில் நீ சாப்பிட்டதை எழுது. எனக்கு எழுதியதுபோல் இல்லாமல், உண்மையாக.

மெஹக்


அயனம்பாக்கம்
7 மார்ச் 2026

மெஹக்,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று மாலை நோன்பு திறந்து, எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு, உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே நான் சாப்பிட்டதை எழுத வேண்டும். தண்ணீர் என்று எழுதினேன். முதஸ்ஸிர் கிண்ணத்தில் மிச்சம் வைத்த கஞ்சி இரண்டு கரண்டி என்று எழுதினேன். மேலே எழுத ஒன்றும் வரவில்லை. முந்தின நாளை யோசித்தேன். அதற்கு முந்தின நாளையும். அந்தத் தாளை அனுப்பக் கூசியது, கிழித்துவிட்டேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

இது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. மாமி அன்று ஊதிகினே போறா என்று சொன்னதற்குப் பிறகா, "கல்யாணமாயி வந்தப்ப இருந்த மாதிரி" என்று சொன்னதற்குப் பிறகா. எனக்கு அது வேலை மும்முரம் என்றுதான் தோன்றியது. உனக்காக அத்தனை பேரிடம் பேசினேன். ஒரு வார்த்தைகூட எனக்குப் பொருந்தும் என்று படவில்லை.

நேற்று நோன்பை விட்டேன். பால் கொடுக்கிறவளுக்கும் சலுகை உண்டு என்று மாமியிடம் சொன்னேன். "அதெல்லாம் தெரியும், இத்தினி நாள் புடிச்சவளுக்கு இப்ப இன்னா வந்துச்சு?" என்றார்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டில் ஒரு சப்பாத்தி வைத்தேன். பாதி சாப்பிட்டேன். மறுபாதியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. மைதிலி மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை முதலில் எனக்கு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. அதற்கப்புறம் உன் மதியத் தட்டு வரும் நேரத்தில் என்னையும் வார்டுக்குள் விடுகிறாராம்.

அத்தாவிடம் எனக்கும் கட்டித்தரச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு வைப்பார் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. நீ எனக்கு முன்னால் ஆரம்பி. நான் உன் கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

அக்கா